சன்னலில் நீண்ட கை: குறுமனிதர் கதைகள் குறித்துச் சில எண்ணங்கள்

குறுமனிதர்களைப் பற்றிய கதை எந்த நாட்டில் சொல்லப்பட்டாலும், சொல்லி முடித்தவுடன் கேட்போர் எழுப்பும் முதற்கேள்வி ஒன்றே: அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்களா? குழந்தைகள் இதைக் கண்கள் விரியக் கேட்கின்றனர். கற்றவர்களோ, 'இதற்கு வரலாற்று அடிப்படை ஏதேனும் உண்டா?' என்று சற்றே நாகரிகமாகக் கேட்கின்றனர். கேள்வி இயல்பானது, அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், இக்கேள்வியே முதலாவதாகவும் முடிவானதாகவும் ஆகிவிடும்போது, கதை சொல்ல வந்த செய்தி நம் செவியில் விழாமலே போய்விடுகிறது என்பது நமது கருத்து. சில வேளைகளில் அதனினும் கொடிய விளைவும் நேர்ந்திருக்கிறது. ஜப்பானின் வடபுலத்து ஐனு மக்கள் சொல்லிவந்த குறுமனிதர் கதையும், அக்கதைக்கு அறிஞர் உலகில் நேர்ந்த கதியும் இதற்குத் தக்க சான்று. அதனை முன்வைத்துச் சில எண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஹொக்காய்டோ தீவிலும், அதற்கு வடக்கே சகாலின், குரில் தீவுகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்தவர்கள் ஐனு மக்கள். மொழியாலும் வழிபாட்டாலும் ஜப்பானியரினின்று வேறுபட்டவர்கள். எழுத்து வழக்கு இன்றியே நெடும்பாடல்களையும் கதைகளையும் வாய்மொழியாகக் காத்துவந்தவர்கள். அவர்தம் கதைகளுள் ஒன்று கொரொபொக்குரு என்னும் குறுமனிதர்களைப் பற்றியது. ஃபுக்கி என்று ஜப்பானிய மொழியில் வழங்கும் ஒரு செடி அங்கே வளர்கிறது. நம் சேம்பைப் போல அகன்ற இலையும் நீண்ட காம்பும் உடையது. 'ஃபுக்கி இலையின் கீழ் இருப்பவர்' என்பதே கொரொபொக்குரு என்னும் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள்.

கதை ஊருக்கு ஊர் வேறுபடும். பரவலாக அறியப்பட்ட வடிவம் இது. ஐனு மக்கள் இம்மண்ணுக்கு வருமுன்பே கொரொபொக்குரு இங்கே வாழ்ந்துவந்தனர். மீன் பிடிப்பதில் வல்லவர்கள். குழி தோண்டி அதன்மேல் கூரை வேய்ந்து குடியிருந்தவர்கள். மண்கலம் வனையத் தெரிந்தவர்கள். ஐனு மக்களோடு நட்பாகவே இருந்தனர். ஆனால் தம்மைப் பிறர் காண்பதை மட்டும் விரும்பமாட்டார்கள். இரவில் வந்து சன்னல் வழியாக மீனோ இறைச்சியோ நீட்டுவார்கள். வீட்டார் பதிலுக்குத் தம்மிடம் உள்ளதைத் தருவார்கள். கை மட்டுமே தெரியும், முகம் தெரியாது. இப்படியே நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஒருநாள் இளைஞன் ஒருவனுக்கு அந்த முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. இருளில் பதுங்கிக் காத்திருந்தான். சன்னலில் நீண்ட கையைப் பற்றி உள்ளே இழுத்தான். வந்து விழுந்தவள் ஓர் அழகிய பெண். அவள் கையிலும் வாயைச் சுற்றியும் பச்சை குத்தப்பட்டிருந்தது. அவமதிக்கப்பட்ட கொரொபொக்குரு கூட்டம் சினந்து, அந்த நாட்டையே விட்டுக் கடல் கடந்து சென்றுவிட்டது. ஐனுப் பெண்கள் வாயைச் சுற்றியும் கைகளிலும் பச்சை குத்திக்கொண்டது அப்பெண்ணைப் பார்த்துத்தான் என்றும், ஆங்காங்கே காணப்படும் பழைய குழிகளும் உடைந்த மட்பாண்டங்களும் அவர்கள் விட்டுச்சென்றவை என்றும் கதை முடியும்.

இதில் வியப்புக்குரியது குறுமனிதர்களின் உருவம் என்று நமக்குத் தோன்றவில்லை. உருவத்தைப் பற்றிக் கதை அதிகம் பேசுவதே இல்லை. ஹொக்காய்டோவில் அச்செடி ஆள் உயரத்துக்கு மேலும் வளரும் இடங்கள் உண்டு. அதன் இலைக்குக் கீழே நம்மைப் போன்ற ஒருவரும் நிற்கலாம். கதையின் பாரமெல்லாம் அந்தக் கையின்மீதே இருக்கிறது. முகம் அறியாமலே ஓர் உறவு நிலவியது. கொடுப்பவர் விதித்த ஒரே கட்டுப்பாடு, 'எம்மைப் பார்க்க முயலாதீர்' என்பது. அதை மீறியவன் வேற்றூரான் அல்லன். கதை சொல்பவரின் சொந்தக் குலத்து இளைஞன். அதாவது, தவறு தம் பக்கத்தது என்று ஒப்புக்கொண்டபடியேதான் ஐனு முதியோர் இக்கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கின்றனர்.

ஐரோப்பாவில் வழங்கும் கதையொன்றை இதனோடு ஒப்பிடலாம். கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் தொகுதியில், ஏழைச் செருப்புத் தைப்பவர் ஒருவருக்கு இரவில் வந்து உதவிய குறுமனிதர்களின் கதை இடம்பெற்றுள்ளது. நம்மில் பலரும் சிறுவயதில் ஏதேனும் ஒரு தமிழ் வடிவில் அதைப் படித்திருப்போம். கணவனும் மனைவியும் ஒளிந்திருந்து பார்க்கின்றனர், ஆடையின்றி உழைக்கும் அச்சிறுவர்மீது இரக்கம் கொண்டு ஆடை தைத்து வைக்கின்றனர், அவர்களும் அதை அணிந்து மகிழ்ந்து ஆடிவிட்டுப் போய்விடுகின்றனர், பிறகு வரவேயில்லை. இங்கே சினம் இல்லை. என்றாலும், பார்த்துவிட்ட பிறகு அந்த உறவு முன்போல் தொடரவில்லை என்பது இரண்டு கதைக்கும் பொது. நிலங்களும் மொழிகளும் இவ்வளவு தொலைவில் இருந்தும், குறுமனிதர்கள் போய்விடுகிறார்கள் என்பதையும், போவதற்குக் காரணம் பெரியவர்களின் செயலே என்பதையும் இரு கதைகளும் சொல்கின்றன.

*

இனி, அறிஞர் உலகில் இக்கதை பட்ட பாட்டைக் காண்போம்.

1877ஆம் ஆண்டு எட்வர்ட் மோர்ஸ் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் தோக்கியோவுக்கு அருகே ஓமோரி என்னும் இடத்தில் சிப்பி மேடு ஒன்றை அகழ்ந்தார். கற்காலத்து மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. ஜப்பானில் தொல்லியல் என்னும் துறை அதனோடு தொடங்கியது எனலாம். உடனே எழுந்த வினா, இவற்றைச் செய்தவர் யார் என்பது. ஐனு மக்கள் அக்காலத்தில் மட்பாண்டம் வனையவில்லை. குழிவீடுகளில் குடியிருக்கவும் இல்லை. 'எங்களுக்கு முன் இருந்த கொரொபொக்குரு செய்தவை' என்று அவர்கள் சொன்ன கதை, விடை தேடிய அறிஞர்களுக்குக் கையில் கிடைத்த கனியாயிற்று. 1886இல் வதாசே ஷோசபுரோ இக்கருத்தை முன்வைத்தார். அதனை வளர்த்தெடுத்து வாழ்நாள் முழுதும் வாதாடியவர் சுபோய் ஷோகொரோ. 1884இல் தோக்கியோவில் மானிடவியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் இவர். ஜப்பானில் அத்துறையின் தந்தை என்று போற்றப்படுபவர்.

கதையில் வந்தவர்கள் மெய்யாகவே வாழ்ந்த கற்கால மக்கள் என்றும், வடதுருவத்தை ஒட்டி வாழும் எஸ்கிமோ மக்களுக்கு நெருங்கியவர்கள் என்றும் சுபோய் கருதினார். 1895இல் கொரொபொக்குருவின் வாழ்க்கை முறையை விவரித்துத் தொடர் கட்டுரைகளே எழுதினார். அகழ்வில் கிடைத்த சுடுமண் பாவைகளைக் கொண்டு அவர்தம் உடை இன்னது, அணி இன்னது என்று வகுத்தார். பாவைகளின் பிதுங்கிய பெருங்கண்கள், பனியின் கூசொளியிலிருந்து காத்துக்கொள்ள அணிந்த கண்மறைப்பு என்று விளக்கினார். அறிவுக்கூர்மையும் கற்பனையும் நிறைந்த மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை அவருக்கு ஒரு சாட்சிப் பத்திரமாக மட்டுமே பயன்பட்டது. அதில் வரும் குழியும் மட்பாண்டமும் அவருக்கு வேண்டியிருந்தன. சன்னலும் கையும் வேண்டியிருக்கவில்லை.

எதிர்வாதம் செய்தவர்களுள் முக்கியமானவர் உடற்கூற்றியல் பேராசிரியர் கொகனேய் யோஷிகியோ. கற்கால மக்கள் குறுமனிதர் அல்லர், ஐனுவின் முன்னோரே என்பது அவர் வாதம். இதை நிறுவ அவருக்கு எலும்புகள் தேவைப்பட்டன. 1888, 1889 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹொக்காய்டோவுக்குச் சென்று, ஐனு மக்களின் புதைகுழிகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மண்டையோடுகளைத் திரட்டிக்கொண்டு தோக்கியோ திரும்பினார். ஐனு மக்கள் இறந்தோரின் புதைகுழியைத் தீண்டாதவர்கள். அடக்கம் முடிந்தபின் அவ்விடத்தை அணுகுவதைக்கூடத் தவிர்ப்பவர்கள். அவர்களிடம் இசைவு கேட்டுப் பெறப்பட்டவை அல்ல இந்த எலும்புகள்.

விவாதத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது எலும்பன்று என்பது கவனிக்கத்தக்கது. சுபோயின் மாணவரான தொரிய் ரியூஸோ 1899இல் குரில் தீவுகளில் ஆய்வு மேற்கொண்டார். வட குரில் ஐனு மக்களை ஜப்பானிய அரசு 1884இல் ஷிகோதான் தீவுக்குக் குடிபெயர்த்திருந்தது. அவர்களோடு பழகி, அவர்களிடமே கேட்டறிந்தார் தொரிய். தம் முன்னோர் குழிவீடுகளில் வாழ்ந்ததும், மண்கலம் வனைந்ததும் அவர்களுக்கு நினைவிருந்தது. கொரொபொக்குரு கதையோ அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஆசிரியரின் கொள்கைக்கு மாணவரின் கண்டுபிடிப்பே ஆட்டம் கொடுத்தது. 1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் சுபோய் காலமானார். கொரொபொக்குரு கொள்கையும் அவரோடு ஏறத்தாழ மறைந்தது.

கொள்கை மறைந்தாலும் எலும்பு திரட்டும் வழக்கம் மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அது தொடர்ந்தது. பிற்காலத்தில் ஜப்பானிய அரசு கணக்கெடுத்தபோது, பல்கலைக்கழகங்களின் வசம் 1,600க்கு மேற்பட்ட ஐனு மக்களின் எலும்புகள் இருந்தது வெளிப்பட்டது. ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தின் மீது 2012இல் சந்ததியினர் வழக்குத் தொடுத்தனர். 2016இல் ஏற்பட்ட சமரசத்தின்படி சில எலும்புகள் ஊர் திரும்பி மண்ணில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி, 2020இல் ஷிராஒய் நகரில் திறக்கப்பட்ட நினைவிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே வைப்பது போதாது, அவரவர் ஊருக்கே திருப்பித் தரவேண்டும் என்று கோரும் ஐனு மக்களும் இருக்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கதையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். முகம் காட்ட விரும்பாத ஒருவரை, அவர் விருப்பத்துக்கு மாறாக, அறியும் ஆவலால் பற்றி இழுத்தவனின் கதை அது. அக்கதையைக் கேட்டறிந்த அறிவுலகம் அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, அதே செயலைக் கதை சொன்னவர்களின் முன்னோர்மீது செய்தது. சுபோயும் கொகனேயும் எதிரெதிர் அணியினர். ஆயினும் இருவர் கண்ணுக்கும் புலப்படாத ஒன்று கதையின் நடுவில் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொரொபொக்குருப் பெண்ணிடமிருந்து கற்றதாகக் கதை கூறும் அந்தப் பச்சை குத்தும் வழக்கத்தை, 1871இல் ஜப்பானிய ஆட்சி தடை செய்தது. 1899இல் 'முன்னாள் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம்' என்னும் பெயரில் ஒரு சட்டம் வந்தது; வேட்டையும் மீன்பிடித்தலுமாக வாழ்ந்த ஐனு மக்களை உழவர்களாக்கி ஜப்பானியரோடு கரைத்துவிடுவதே அதன் நோக்கம். அச்சட்டம் நீக்கப்பட்டது 1997இல்தான். ஐனு ஒரு முதுகுடி என்று ஜப்பானியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2019இல். தமக்கு முன் இருந்தவர்கள் மனம் நொந்து போய்விட்டதைக் கதையாகச் சொல்லிவந்த மக்களையே, பின்னால் வந்தவர்கள் 'அழிந்துவரும் இனம்' என்று எழுதிவைத்தனர்.

*

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழக்கூடும். நாட்டார் கதைகளில் வரலாறே இல்லை என்கிறீர்களா? ஆராய்ச்சியே கூடாது என்கிறீர்களா? அப்படிச் சொல்ல வரவில்லை. வகுப்பறையில் நாட்டார் வழக்காற்றியல் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இந்த வினாவைத் தவறாமல் எழுப்புகின்றனர். பெரும்பாலும் ஃபுளோரஸ் தீவை மேற்கோள் காட்டியே எழுப்புகின்றனர். ஆகவே அதையும் எடுத்துக்கொள்வோம்.

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லியாங் புவா என்னும் குகையில் 2003இல் சிற்றுருவ மனித இனம் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. உயரம் சுமார் 1 மீட்டர். 2004இல் செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. அத்தீவில் வாழும் நாகே மக்களிடம் 'எபு கோகோ' என்னும் குறுமனிதர்களைப் பற்றிய கதை வழங்குவதை கிரிகரி ஃபோர்த் என்னும் மானிடவியலாளர் முன்பே பதிவு செய்திருந்தார். இரண்டையும் இணைத்துப் பேசத் தொடங்கினர். முதலில் அந்த எலும்புகளுக்கு 18,000 ஆண்டு வயது மதிப்பிடப்பட்டிருந்தது. 2016இல் வெளியான மறு ஆய்வு அதனை 60,000 ஆண்டுகளுக்கும் முன்னே தள்ளிவிட்டது. அத்தனை நீண்ட காலத்தை ஒரு வாய்மொழிக் கதை கடந்து வந்திருக்குமா என்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கதை எப்படி முடிகிறது என்பதை மாணவர்களிடம் கேட்டால், எலும்பின் உயரத்தைச் சொன்னவர்களும் விழிக்கின்றனர். தம் விளைச்சலைத் திருடிய எபு கோகோ கூட்டத்தை நாகே மக்கள் குகைக்குள் வைத்துத் தீயிட்டுக் கொன்றுவிட்டனர் என்று முடிகிறது அக்கதை.

இதே முடிவு நமக்கு மிக அருகில், இலங்கையிலும் உண்டு. நிட்டாவோ என்னும் குறுமனிதர்களைப் பற்றி வேடர் மக்களிடம் வழங்கிய கதையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹியூ நெவில் என்னும் பிரித்தானிய அதிகாரி பதிவு செய்தார். கூரிய நகம் கொண்ட அக்குறுமனிதர்கள் வேடர்களோடு ஓயாது பகைகொண்டிருந்தனர். கடைசியில் எஞ்சியவர்களைக் குகையொன்றுக்குள் விரட்டி, வாயிலில் சுள்ளிகளைக் குவித்து, மூன்று நாள் தீ மூட்டி அழித்துவிட்டனர் என்கிறது அந்தக் கதை. நிட்டாவோவுக்கு உரியது என்று சொல்லத்தக்க எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் இக்கதையைச் சொன்ன வேடர்களின் எலும்புகள் அளக்கப்பட்டன. 1880களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சரசின் சகோதரர்கள் வேடர் மண்டையோடுகளைத் திரட்டி, மனித வளர்ச்சியின் தொடக்கப் படியில் இம்மக்களை நிறுத்திப் பெருநூல் எழுதினர். ஹொக்காய்டோவில் நடந்த அதே பத்தாண்டில், அதே முறையில் இங்கும் நடந்திருக்கிறது.

எரிந்த குகையின் கதை மெய்யாக நிகழ்ந்ததன் நினைவா, நிலத்தின்மீது தம் உரிமையை நாட்டுவதற்காகப் புனையப்பட்டதா, பிள்ளைகளை அச்சுறுத்தச் சொன்னதா? மூன்றும் ஆராயத் தக்க கேள்விகளே. எலும்பு கிடைத்தாலும் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது. சொல்பவர் ஏன் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொல்லும்போது பெருமிதம் கொள்கிறாரா, நாணுகிறாரா என்பதை அருகிருந்து கேட்டால்தான் கிடைக்கும். தொரிய் செய்தது அதைத்தான். அண்மையில் செகவா தகுரோ என்னும் தொல்லியலாளரும் கொரொபொக்குரு கதையை அதன் நடுப்பகுதியிலிருந்தே வாசித்திருக்கிறார். முகம் காணாமல் பொருளை வைத்துவிட்டு விலகி நின்று பண்டம் மாற்றிக்கொள்ளும் 'ஊமை வணிகம்' வட குரில் ஐனு மக்களிடம் இருந்தது. அந்த வழக்கமே இக்கதையின் ஊற்றாகலாம் என்பது அவர் துணிபு. அவ்வாறாயின், குறுமனிதர் என்று கதையில் வருபவர்கள் வேற்றினத்தார் அல்லர். அதே குலத்தின் தொலைதூர உறவினர். சன்னலையும் கையையும் கவனித்த ஆராய்ச்சி இப்படி ஒரு வெளிச்சத்தைத் தருகிறது. ஆகவே நமது குறை ஆராய்ச்சியின்மீது அன்று. கேட்பதற்கு முன் பற்றி இழுக்கும் கையின்மீதே.

ஐனு மக்களின் கதைப்பாடல்களை அவர்களுள் ஒருவரே எழுத்தில் பதித்த நிகழ்வையும் இங்கே நினைவுகூர வேண்டும். சிரி யுகியே என்னும் இளம்பெண் தம் பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு வளர்ந்த பாடல்களுள் பதின்மூன்றைத் தொகுத்து, ஜப்பானிய மொழிபெயர்ப்போடு அச்சுக்கு ஆயத்தப்படுத்தினார். 1922இல், தம் 19ஆம் வயதில், இதயநோயால் இறந்தார். நூல் 1923இல் வெளிவந்தது. அப்பாடல்களில் ஆந்தையும் நரியும் தவளையும் 'நான்' என்று தன்மையிலேயே பேசுகின்றன. சிறிய உயிர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதாக இல்லாமல், அவையே தம் கதையைச் சொல்லும் மரபு அது.

*

அறிஞர்கள் தவறவிட்டதைச் சிறுவர் இலக்கியம் பற்றிக்கொண்டது என்பதே நாம் முதன்மையாகச் சொல்ல வந்தது.

1959ஆம் ஆண்டு ஜப்பானியச் சிறுவர் இலக்கியத்தில் ஒரு திருப்பம் என்பர். அவ்வாண்டில் வெளிவந்த இரண்டு நாவல்கள் குறுமனிதர்களைப் பற்றியவை. முதலாவது, சதோ சதொரு எழுதிய 'யாரும் அறியாத சிறிய நாடு'. ஊருக்கு வெளியே உள்ள குன்று ஒன்றைச் சிறுவன் ஒருவன் தன் இரகசிய இடமாகக் கொள்கிறான். ஒருநாள் ஓடையில் மிதந்து செல்லும் சிவப்புக் காலணி ஒன்றில் விரலளவு மனிதர்களைக் காண்கிறான். போர் வருகிறது, அவன் வளர்ந்து பெரியவனாகிறான். போருக்குப் பின் திரும்பிவந்து, அதே குன்றில் குடிசை போட்டுத் தங்குகிறான். அவன் குறுமனிதர்களைத் தேடிப் பிடிப்பதில்லை. அவர்களாகவே வந்து பேசும்வரை காத்திருக்கிறான். அவர்கள் கொரொபொக்குருவின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்று கதை சொல்கிறது. பின்னர் அக்குன்றின் வழியே சாலை அமைக்கும் திட்டம் வரும்போது, அவனும் அவர்களும் கூடித் தம் சிறிய நாட்டைக் காத்துக்கொள்கின்றனர். பழைய கதையில் இளைஞன் செய்யத் தவறிய காத்திருத்தலை இந்த நாவலின் இளைஞன் செய்கிறான். சதோ இப்படித் திட்டமிட்டு எழுதினாரா என்பது நமக்கு முக்கியமில்லை. கதையின் நடுவில் இருந்த பொருளை ஓர் எழுத்தாளர் உள்ளபடி உணர்ந்திருக்கிறார் என்பதே முக்கியம்.

இரண்டாவது, இனூய் தொமிகோ எழுதிய 'மரநிழல் வீட்டின் குறுமனிதர்கள்'. இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் நாடு திரும்பும்போது, தம் பாதுகாப்பில் இருந்த குறுமனிதர் இணையைத் தோக்கியோவில் ஒரு வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்கிறார். நாள்தோறும் நீலக் கண்ணாடிக் கோப்பையில் அவர்களுக்குப் பால் வைக்கவேண்டும். அதுவே அவர்களின் உணவு. தலைமுறை கடந்து இப்பொறுப்பு யூரி என்னும் சிறுமியிடம் வருகிறது. அப்போது இரண்டாம் உலகப்போர். போரை எதிர்க்கும் தந்தை சிறைப்படுகிறார். அண்ணனோ போர்வெறியில் மூழ்கியவன்; பகைநாட்டிலிருந்து வந்த குறுமனிதர்களுக்கு ஏன் பால் என்று கேட்கிறான். பால் கிடைப்பது அரிதாகிறது. ஊரே 'எதிரி' என்று சொல்லும் ஒருவருக்கு, தன் பசியையும் பொறுத்துக்கொண்டு, ஒரு சிறு கோப்பைப் பாலை நாள்தோறும் வைக்கமுடியுமா? போர்க்காலத்து அறத்தை ஒரு சிறுமியின் கைக்கு எட்டும் அளவில் வைத்துக் காட்டியிருக்கிறார் ஆசிரியர். இக்கதையைப் படிக்கும் குழந்தை, 'குறுமனிதர் உண்டா?' என்று கேட்குமுன், 'இன்று பால் கிடைத்ததா?' என்றே கேட்கும்.

சிறுவர் கதைகளில் குறுமனிதருக்கு ஏன் இவ்வளவு இடம் என்பதற்கான விடை இதில் இருப்பதாகக் கருதுகிறோம். பெரியவர்களின் உலகில் குழந்தைதான் எப்போதும் சிறியது. மேசையும் கதவும் படியும் அதன் அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. குறுமனிதர் வரும் கதையில் மட்டும் குழந்தை பெரியவராகிறது. தன்னைவிடச் சிறிய ஒருவர்மீது கிடைத்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்னும் வினாவை அது முதன்முறையாக எதிர்கொள்கிறது. பற்றி இழுப்பதா, பால் வைப்பதா?

*

நம் மரபில் இதற்கு ஈடு உண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு. பாரதத்தின் ஆதிபருவத்தில் கட்டைவிரல் அளவேயான வாலகில்யர் வருகின்றனர். காசியபரின் வேள்விக்கு ஒரே ஒரு சிறு காம்பை அனைவரும் கூடிச் சுமந்து வரும்போது, பசுவின் குளம்படியில் தேங்கிய நீரில் சிக்கித் தடுமாறுகின்றனர். மலைபோல் விறகு சுமந்துவரும் இந்திரன் அதைக் கண்டு நகைத்து, அவர்களைத் தாண்டிச் செல்கிறான். சினந்த முனிவர்கள் வேறோர் இந்திரனைப் படைக்க வேள்வி தொடங்குகின்றனர். அதன் பயனாகவே கருடன் பறவைகளின் அரசனாகப் பிறக்கிறான். அந்தக் கருடன் ஒருநாள் அமர்ந்த ஆலமரக் கிளை முறிகிறது. அதில் வாலகில்யர் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்வதைக் கண்டு, அலகில் கிளையைக் கவ்வியபடி, இறக்கிவைக்க இடம் தேடி வானில் அலைகிறான். சிரித்துத் தாண்டியவனையும், சுமந்து அலைந்தவனையும் அருகருகே வைத்த அக்கதை, நமது பாடநூல்களில் இடம்பெறத் தக்கது.

மாறாக, நாம் குழந்தைகளுக்குத் தரும் குறுமனிதர் பலரும் நகைப்புக்கு உரியவர்களாகவே வருகின்றனர். 'சித்திரக்குள்ளன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அச்சிரிப்பு வகுப்பிலேயே குட்டையாக உள்ள ஒரு பிள்ளைமீது போய் விழும். இச்சிரிப்புக்குப் பழைய வேர் உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாடல் மானிடப் பிறப்பின் எண்வகைக் குறைகளுள் ஒன்றாகக் 'குறள்' என்பதை எண்ணுகிறது. கலித்தொகையின் மருதக்கலியில் குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் உடலைச் சொல்லி ஒருவரை ஒருவர் எள்ளிப் பின் இணங்குகின்றனர். அரண்மனைப் பணியாளரான அவர்தம் காதல் நகைச்சுவையாகவே அமைக்கப்பட்டுள்ளது. இக்கட்டுரையில் குள்ளர் என்னாது குறுமனிதர் என்றே நாம் எழுதிவந்ததற்கு இதுவே காரணம். 'குறு' என்னும் அடையைச் சங்கப் புலவர்கள் 'குறுமகள்' என்று அன்பு தோன்றவும் ஆண்டிருக்கின்றனர். அந்த வழியை நாம் தொடரலாம். கதையில் வரும் குறுமனிதர் வேறு. நம்மிடையே உயரம் குறைந்து வாழும் மனிதர் வேறு. முன்னதைச் சொல்லும் சொல் பின்னவரைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது கதை சொல்பவரின் பொறுப்பு.

ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நமது வேண்டுகோள் மிக எளியது. குறுமனிதர் கதைகளைச் சுருக்கும்போது அவர்கள் போய்விடும் பகுதியை வெட்டிவிடாதீர்கள். மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்பதற்காக இளைஞனின் பிழையை மறைத்துவிடாதீர்கள். சதோவின் நாவலும் இனூயின் நாவலும் நல்ல தமிழில் நம் சிறுவர் கைகளுக்குச் சேரவேண்டும். கதை முடிந்ததும், 'இவர்கள் உண்மையிலேயே இருந்தார்களா?' என்று ஒரு குழந்தை கேட்டால், அக்கேள்வியையும் மதிப்போம். லியாங் புவா குகையைப் பற்றியும் தொரிய் ரியூஸோவைப் பற்றியும் வயதுக்கு ஏற்பச் சொல்வோம். அதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் கையைப் பற்றி இழுத்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குவோம்.